ஸ்லோ-மோவில் கோல்ஃப் கிளப் ஃபேஸ் மூடித் தெரிகிறது, பந்து வலப்பக்கம் வளைகிறது: எதை நம்புவது?

பச்சைமேடு

வணக்கம். வலது கை ஆட்டம், டிரைவர் (தொலைவுக்கு அடிக்கும் நீளமான கிளப்) வேகம் மணிக்கு 90 மைல் அளவில். ஸ்லைஸை (பந்து வலப்பக்கம் வளைந்துவிடும் குறையை) தீர்க்க போனில் நொடிக்கு 240 ஃபிரேமில் எடுத்துப் பார்க்கிறேன். நாலு விஷயம் குழப்புகிறது.

பந்து கிளம்பிய உடனே வரும் ஃபிரேமில் ஃபேஸ் (பந்தில் படும் முகம்) நன்றாக மூடியிருக்கிறது, அதாவது இடப்பக்கம் பார்க்கிறது. ஆனால் பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது. இரண்டாவது, ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) வாழைப்பழம் போல வளைந்து தெரிகிறது. மூன்றாவது, பின்னாலிருந்து எடுத்த ஒரு கிளிப்பில் கிளப்பின் பாதை வெளியிலிருந்து உள்ளே வருகிறது, இன்னொன்றில் உள்ளிருந்து வெளியே போகிறது. இரண்டும் ஒரே நாள், ஒரே கிளப். நான்காவது, உள்ளரங்க நெட்டில் எடுத்தால் வீடியோ முழுக்க கறுப்புப் பட்டை ஓடுகிறது.

அதிக ஃபிரேம் உள்ள கேமரா வாங்கினால் இவை சரியாகுமா?

நொடிக்கணக்கு

வாங்குவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள் நண்பரே. உங்கள் நான்கு சிக்கலில் ஃபிரேம் எண்ணிக்கையால் வருவது ஒன்றுதான்.

மணிக்கு 90 மைல் என்றால் நொடிக்கு 40 மீட்டர். 240 ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே கிளப் ஹெட் ஏறக்குறைய 17 செ.மீ. நகர்ந்துவிடும். சாதாரண 30 ஃபிரேம் வீடியோவில் இதுவே 1.3 மீட்டர். பந்தும் ஃபேஸும் ஒட்டியிருக்கும் நேரம் அரை மில்லி நொடிக்கும் சற்றுக் குறைவு. 240-இல் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே 4.17 மில்லி நொடி இருக்கிறது. ஆக ஒன்பது அடி அடித்தால் ஒன்றில்தான் மோதும் கணம் படத்தில் விழும். மற்ற எட்டிலும் நீங்கள் பார்ப்பது மோதலுக்கு முன்போ பின்போ உள்ள ஒரு கணம்.

இனி ஃபேஸ் விஷயம். டவுன்ஸ்விங் (கிளப் கீழே இறங்கும் வீச்சு) முடிவில் டிரைவர் ஃபேஸ் மூடும் வேகம் பலருக்கு நொடிக்கு 2,000 முதல் 3,000 பாகை. ஒரு ஃபிரேம் தள்ளிப் பார்த்தால் 8 முதல் 12 பாகை மாறியிருக்கும். மோதும்போது பாதைக்கு 4 பாகை திறந்திருந்த ஃபேஸ் அடுத்த ஃபிரேமில் 5 பாகை மூடியதாகத் தெரிவதில் வியப்பே இல்லை. பந்து ஹீல் (ஷாஃப்ட் சேரும்) பக்கமோ டோ (வெளி நுனி) பக்கமோ பட்டிருந்தால் மோதலே ஹெட்டைத் திருப்பிவிடும், அந்தக் கணக்கு தனி. அதனால் பந்து போன பிறகு வரும் ஃபிரேமை வைத்து ஃபேஸ் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள். நல்ல கிரிப்பைக் கெடுத்துக்கொள்ள இதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

ஏழாம்_இரும்பு

ஃபேஸ் எங்கே பார்த்தது என்பதைப் பந்தே சொல்லிவிடும். பந்து கிளம்பும் திசையை முக்கால் பங்குக்கு மேல் தீர்மானிப்பது ஃபேஸ்தான், டிரைவரில் இன்னும் அதிகம். வளைவு வருவது ஃபேஸுக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால்.

பந்துக்கு 3 மீட்டர் முன்னால், இலக்குக் கோட்டின் இரு பக்கமும் 25 செ.மீ. தள்ளி ஒவ்வொரு குச்சி நடுங்கள். வலப்பக்கக் குச்சிக்கு வெளியே போனால் கிளம்பும் திசையே கிட்டத்தட்ட 5 பாகை வலம் என்று அர்த்தம். அதன் பிறகும் வலத்துக்கு வளைந்தால் ஃபேஸ் இலக்குக்கே திறந்து வருகிறது. முதலில் கிரிப்பையும் மணிக்கட்டையும் பாருங்கள். இடப்பக்கம் கிளம்பி வலத்துக்கு வளைந்தால் ஃபேஸ் இலக்குக்கு இடப்பக்கம் பார்க்கிறது, பாதை அதைவிட இடப்பக்கம் போகிறது. அங்கே ஃபேஸை இன்னும் மூடினால் நேராக இடப்பக்கப் புதருக்குள்தான் போகும். இரண்டுக்கும் ஸ்லைஸ் என்றே பெயர், மருந்து வேறு வேறு.

ஃபேஸில் பந்து பட்ட இடத்தையும் பாருங்கள். காலுக்குப் போடும் பவுடர் ஸ்பிரே, அல்லது தலைக்குப் போடும் உலர் ஷாம்பு ஸ்பிரே மெல்லியதாக ஒரு பூச்சு அடித்தால் பந்தின் அச்சு அப்படியே விழும். டிரைவரில் ஹீல் பக்கம் 2 செ.மீ. தள்ளிப் பட்டாலே ஹெட் திரும்பும்போது பந்துக்கு எதிர்த் திசைச் சுழற்சி ஏறி வலத்துக்கு வளையும். பாதை குற்றமற்றதாக இருந்தாலும் வளையும். ஐந்து அடியின் அச்சைப் பார்த்த பிறகுதான் வீடியோவைத் திறக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஷட்டர்காரன்

ஷாஃப்ட் வளைவுக்கு வருகிறேன். போன் சென்சார் ஒரு ஃபிரேமை ஒரே கணத்தில் எடுப்பதில்லை, வரி வரியாக வாசிக்கிறது. போனைப் படுக்கையாக வைத்தால் மேல் வரி முதலில், கீழ் வரி கடைசியில். 240 ஃபிரேமில் மேலிருந்து கீழே வர 4 மில்லி நொடி வரை ஆகலாம். ஆள் முழுவதும் தெரிய எடுத்தால் படத்தின் உயரம் நிஜத்தில் 2.6 மீட்டர். கைக்கும் ஹெட்டுக்கும் 1 மீட்டர் இடைவெளி என்றால் கையை வாசித்து ஒன்றரை மில்லி நொடி கழித்துத்தான் ஹெட்டை வாசிக்கும். அதற்குள் ஹெட் 6 செ.மீ. முன்னே போயிருக்கும். படத்தில் அது வளைவாக விழுகிறது.

சோதிக்க ஒரு வழி: போனை 180 பாகை தலைகீழாகத் திருப்பி வைத்து அதே அடியை எடுங்கள். பார்க்கும்போது படம் நேராகத்தான் தெரியும், ஆனால் வாசிக்கும் வரிசை கீழிருந்து மேலாக மாறியிருக்கும். வளைவு எதிர்ப்பக்கம் திரும்பினால் அது சென்சாரின் வேலை. இரண்டிலும் ஒரே பக்கம் மிஞ்சும் சிறு வளைவுதான் ஷாஃப்டினுடையது. டிரைவர் ஷாஃப்ட் மோதும்போது சில சென்டிமீட்டர் முன்னோக்கி வளைவதும், டோ கீழே தொங்குவதும் நிஜம். 1938-லேயே எம்ஐடியில் ஹெரால்ட் எட்ஜர்டன் ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் டென்ஸ்மோர் ஷூட்டின் சுவிங்கைப் படம் எடுத்து அந்த வளைவைக் காட்டிவிட்டார். அவர் படத்தில் ஒவ்வொரு பளிச்சும் முழுக் காட்சியையும் ஒரே கணத்தில் பிடித்தது, அதனால் அந்த வளைவை நம்பலாம். போன் காட்டுவதை அப்படியே நம்ப முடியாது.

0.5 எக்ஸ் அகல லென்ஸையும் விட்டுவிடுங்கள். ஓரங்களில் நேர்க் குச்சியையே வளைத்துக் காட்டும். 1 எக்ஸ் போதும், இடம் இருந்தால் 2 எக்ஸ் வைத்துப் பின்னால் தள்ளி நில்லுங்கள். கோப்ரோ மாதிரி கேமராவில் லீனியர் முறையைத் தேர்வு செய்ய வேண்டும்.

ஒன்ராறியோகுளிர்

வணக்கம் பச்சைமேடு. அந்தக் கறுப்புப் பட்டைக்குக் காரணம் மின்விளக்குத்தான். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம், விளக்கு நொடிக்கு 100 தரம் கூடிக் குறையும். இங்க கனடாவில 60, அதால 120 தரம். எங்கட பக்கம் 240 ஃபிரேமில எடுத்தா ஒரு ஃபிரேம் வெளிச்சமா, அடுத்தது இருட்டா மாறி மாறி வரும். உங்கட பக்கம் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும்.

ஷட்டரை நூறில் ஒரு நொடிக்கு இறக்கினா பட்டை போயிடும் எண்டு சில பேர் சொல்லுவினம். அதுக்கு ஃபிரேம் எண்ணிக்கையையும் நூறுக்குக் கீழ குறைக்கவேணும், அப்பிடிச் செய்தா ஹெட் 40 செ.மீ. நீளத்துக்கு இழுபட்டு ஒரு மேகம் மாதிரித்தான் தெரியும். நேர்மின்னோட்டம் குடுக்கிற மின்சுற்று உள்ள எல்இடி விளக்குதான் சரியான வழி. பற்றரியில ஓடுற வீடியோ விளக்கும் வெளிச்சத்தைக் குறைச்சு வைச்சா மினுங்கும், முழு வெளிச்சத்தில வைச்சு தூரத்தைக் கூட்டிக் குறையுங்கோ. வாங்க முதல் கடையில வைச்சே போனில ஸ்லோ-மோ எடுத்துப் பாருங்கோ, மினுக்கம் இருந்தா உடனே தெரியும்.

ஷட்டர்காரன்

மேலே சொன்னது முழுக்கச் சரி. வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். எல்லாரும் ஃபிரேம் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள், ஷட்டரைக் கேட்பதில்லை. 240 ஃபிரேம் எடுத்தாலும் ஷட்டர் நொடியில் 240-இல் ஒரு பங்கு திறந்திருந்தால் ஹெட் 17 செ.மீ. இழுபட்ட கறையாகத் தெரியும். 1/1000 என்றால் 4 செ.மீ., 1/4000 என்றால் 1 செ.மீ., 1/8000 என்றால் 5 மி.மீ.

நல்ல வெயிலில் எஃப் 1.8 லென்ஸும் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100-ம் இருந்தால் போன் தானாகவே 1/8000 பக்கம் போய்விடும். அதனால்தான் ரேஞ்சில் காலை பத்து மணிக்கு எடுத்தது கத்தி மாதிரி இருக்கிறது. உள்ளரங்கில் 500 லக்ஸ் வெளிச்சம் வெயிலில் இருநூறில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றினாலும் 1/320 தான் கிடைக்கும், கறை 12 செ.மீ. அடிக்கும் இடத்தில் 5,000 லக்ஸ் கொண்டுவந்தால் 1/3200, கறை ஒன்றேகால் செ.மீ. இதற்கு 200 வாட் எல்இடி ஃபிளட் இரண்டு தேவைப்படும். பந்துக்கு இரு பக்கமும் 45 பாகையில், தலைக்கு மேல் உயரத்தில், ஆடுபவர் கண்ணில் படாமல் வையுங்கள். மேட் விரிப்புக்கு அடியிலோ பின்னாலோ கறுப்புத் துணி போட்டால் ஷாஃப்ட் தனியாகத் தெரியும்.

சில போன்களின் கேமரா ஆப் ஸ்லோ-மோவில் ஷட்டரைக் கையால் வைக்க விடாது. பந்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். படம் சற்று இருட்டாக இருப்பது நல்லது.

நொடிக்கணக்கு

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை. பலருடைய சுவிங்கை வீணாக்குவது அதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பின்னாலிருந்து எடுக்கும்போது கேமரா எந்தக் கோட்டில் நிற்கிறது? டிரைவருக்குக் கால் நுனியிலிருந்து பந்து 80 செ.மீ. தள்ளி இருக்கும் என்று வையுங்கள். பந்துக்கு 4 மீட்டர் பின்னால், கால் நுனிக் கோட்டில் டிரைபாடை நிறுத்தினால் பந்தை நோக்கிய பார்வை இலக்குக்கு 11 பாகை வலப்பக்கம் சாய்கிறது. இலக்கை நோக்கி நேராகப் போகும் கிளப்பும் படத்தில் 11 பாகை இடப்பக்கம் போவதாக, அதாவது வெளியிலிருந்து உள்ளே வருவதாகத் தெரியும். பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னே தூக்கும் வீச்சு) தொடக்கம் வெளியே போவதாகத் தெரியும். டிரைபாட் பந்துக்கு அப்பால் வலப்பக்கம் போனால் எல்லாம் தலைகீழ்: தொடக்கம் உள்ளே இழுத்ததாக, பாதை உள்ளிருந்து வெளியே போவதாகத் தெரியும். நிஜமான பாதைப் பிழை பெரும்பாலும் 3 முதல் 6 பாகைக்குள் இருக்கும். 4 மீட்டரில் 35 செ.மீ. நகர்ந்தாலே 5 பாகை பொய். உங்கள் இரண்டு கிளிப்பிலும் மாறியது டிரைபாடாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது: பந்து வழியாக இலக்கை நோக்கி 5 மீட்டர் நூல் கட்டுங்கள். அதற்கு இணையாக, அடிக்கத் தயாராக நிற்கும் நிலையில் கை இருக்கும் இடத்துக்கு நேர் கீழே இரண்டாவது நூல். கேமரா இரண்டாவது நூலின் மேல், கை உயரத்தில், அதாவது தரையிலிருந்து 90 செ.மீ. அளவில், சாயாமல் நிற்க வேண்டும். அந்த நூல் படத்தின் நடுவில் செங்குத்தாக ஓட வேண்டும். டிரைபாட் கால் மூன்றும் படும் இடத்தில் பெயின்ட் புள்ளி வைத்துவிடுங்கள். பக்கத்திலிருந்து எடுப்பதற்கு, பந்துக் கோட்டுக்குச் செங்குத்தாக 3.5 முதல் 4 மீட்டர் தூரம், நெஞ்சு உயரம், லென்ஸின் நடு பந்துக்கு எதிரே.

ஏழாம்_இரும்பு

கை நூலில் ஒரு திருத்தம் உண்டு. உடல் அசைவு, முதுகுச் சாய்வு, இடுப்பு பந்தை நோக்கித் தள்ளுவது, இவற்றைப் பார்க்கக் கை நூல் சரி. பாதையை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் கேமராவைப் பந்து நூலுக்கே கொண்டு போக வேண்டும். கை நூலிலிருந்து பந்து 40 செ.மீ. தள்ளி இருந்தால் 4 மீட்டரில் 6 பாகை மிச்சம் நிற்கும்.

நொடிக்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன், பாதைக்குப் பந்து நூல்தான். ஒரே கிளிப்பில் இரண்டையும் பார்க்க ஆசைப்படக் கூடாது.

பக்கத்துக் கேமராவிலும் இதே சிக்கல் இருக்கிறது. டிரைபாட் பின் கால் பக்கம் 35 செ.மீ. நகர்ந்தால் ஷாஃப்ட் முன்சாய்வு 2 முதல் 3 பாகை மாறித் தெரியும். அயர்னில் (இரும்புத் தலை கிளப்பில்) கை முன்னால் வரவில்லை என்று கவலைப்படும் பலருக்கும் கேமராதான் தவறான இடத்தில் இருக்கிறது.

பச்சைமேடு

மிக்க நன்றி. டிரைபாட் வைத்த இடம் வேறு வேறு என்பது இப்போது படத்தில் தரைக் கோட்டைப் பார்த்தாலே தெரிகிறது. சரியாக நிறுத்திய பிறகு எந்த ஃபிரேமைப் பார்க்க வேண்டும்? டெம்போவை (வீச்சின் தாளத்தை) இதில் அளக்க முடியுமா? பயிற்சியாளருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன், ஃபிரேம் குறைந்துவிட்டது என்றார்.

ஏழாம்_இரும்பு

வாட்ஸாப் வீடியோவைச் சுருக்கிவிடும், 240 போய் 30 ஆகிவிடும். வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள். கணினியில் பார்க்க கினோவியா இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். கோப்பைத் திறந்ததும் எடுத்த வேகம் 240 என்று நேர அமைப்பில் குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது காட்டும் நேரமெல்லாம் தவறு.

டெம்போவுக்கு 240 அருமையாகப் போதும். கிளப் பின்னே நகரத் தொடங்கும் ஃபிரேமிலிருந்து மேலே திசை மாறும் ஃபிரேம் வரை எண்ணுங்கள், அங்கிருந்து மோதல் வரை இன்னொரு எண்ணிக்கை. நல்ல ஆட்டக்காரர்களிடம் இது மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு அருகில் இருக்கும்: பேக்ஸ்விங் 180 ஃபிரேம் அதாவது முக்கால் நொடி, டவுன்ஸ்விங் 60 ஃபிரேம் அதாவது கால் நொடி. 60-இல் ஒரு ஃபிரேம் தவறினாலும் பிழை இரண்டு சதவீதத்துக்குள்தான். 30 ஃபிரேம் வீடியோவில் டவுன்ஸ்விங்கே ஏழெட்டு ஃபிரேம், ஒன்று தவறினால் விகிதமே மாறிவிடும்.

ஸ்லைஸுக்கு முக்கியமான ஃபிரேம் பி6. டவுன்ஸ்விங்கில் ஷாஃப்ட் தரைக்கு இணையாக வரும் இடம். பின்னாலிருந்து பார்க்கையில் ஹெட் கையை மறைத்துக்கொண்டு நின்றால் நல்லது. கைக்கு வெளியே, பந்துப் பக்கம் நீண்டு தெரிந்தால் மேலிருந்து வெட்டி வருகிறீர்கள். அதற்கு முந்தைய பி5-இல், அதாவது இடது கை தரைக்கு இணையாகும் இடத்தில், ஷாஃப்ட் வலது தோளுக்கு மேலே போகிறதா, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே போகிறதா என்று பாருங்கள். தோளுக்கு மேல் என்றால் காரணம் திசைமாறும் நேரத்தில் வலது தோள் முந்துவதுதான். பி6-இல் ஃபேஸின் முன்விளிம்பு முதுகுச் சாய்வுக்கு ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். டோ வானத்தைப் பார்த்தால் திறந்திருக்கிறது.

இந்த இரண்டு ஃபிரேமிலும் ஹெட் மோதல் வேகத்தை எட்டியிருக்காது, அதனால் 240 நம்பத்தக்கது. இடுப்பு எத்தனை பாகை திரும்பியது, மார்பு எத்தனை என்று கோடு போட்டுச் சொல்லும் ஆப்களை நம்பாதீர்கள். ஒரே கேமராவின் தட்டைப் படத்தில் சுழற்சியை அப்படி அளக்க முடியாது.

நொடிக்கணக்கு

பார்த்ததை மாற்றும் முறையையும் சொல்லிவிடுங்கள். அங்கேதான் பலர் வீடியோவோடே நின்றுவிடுகிறார்கள்.

ஏழாம்_இரும்பு

முதலில் எதையும் மாற்றாமல் ஐந்து அடி எடுத்து வையுங்கள், பந்தின் தொடக்கத் திசையையும் ஃபேஸ் அச்சையும் பக்கத்தில் குறித்து. ஐந்திலும் பொதுவாக வரும் ஒரே ஒரு குறையை எடுங்கள். மேலிருந்து வெட்டுவதுதான் என்றால் பந்துக்கு 5 செ.மீ. வெளியேயும் 20 செ.மீ. பின்னாலும் காலி அட்டைப் பெட்டி ஒன்றை வையுங்கள். பெட்டியைத் தொடாமல் அடிப்பதே வேலை, தோளைப் பற்றி நினைக்க வேண்டாம். பாதி வேகத்தில் பத்து, முக்கால் வேகத்தில் பத்து, பிறகு முழு வேகம். கேமரா ஐந்துக்கு ஒரு அடியை மட்டும் எடுக்கட்டும். ஒவ்வொரு அடிக்கும் ஓடிப்போய்ப் பார்த்தால் உடல் ஒன்றும் கற்காது. பாதி வேகத்தில் பி6 மாறி முழு வேகத்தில் பழையபடி வந்தால், வேகத்தைக் குறைத்து அங்கேயே இரண்டு வாரம் இருங்கள்.

தொழில்முறை வீரரின் வீடியோவோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. தொலைக்காட்சிக் கேமராவின் தூரமும் உயரமும் வேறு. உங்கள் பழைய கிளிப்போடு ஒப்பிடுங்கள், தொடக்கத்தில் சேர்க்காமல் மோதும் ஃபிரேமில் இரண்டையும் பொருத்தி.

பச்சைமேடு

கடைசியாக, மோதும் கணத்தையே பார்க்க வேண்டுமென்றால்? போனில் 960 என்று ஒரு முறை இருக்கிறதே.

ஷட்டர்காரன்

பல போன்களில் அந்த 960 நிஜமில்லை. குறைந்த ஃபிரேமில் எடுத்து நடுவில் உள்ளதை மென்பொருள் வரைந்து சேர்க்கிறது. ஹெட் இரண்டு இடத்தில் ஆவி போலத் தெரிந்தால் அதுதான். நிஜமாக எடுத்தவை உண்டு, சோனி எக்ஸ்பீரியா எக்ஸ்இசட் பிரீமியம் 2017-இல் அப்படி வந்தது. ஆனால் ஒரு தடவைக்கு 0.2 நொடிகூட எடுக்காது, பொத்தானை அந்தக் கணத்தில் அழுத்துவது பெரும்பாடு.

பழைய கேசியோ எக்ஸிலிம்கள் கிடைத்தால் ஷட்டரைக் கையால் வைக்கலாம், ஆனால் எப்சி100 மாதிரியில் 1,000 ஃபிரேமில் படம் 224 புள்ளி அகலம்தான், ஒரு பட்டையைப் பார்ப்பது போல. சோனி ஆர்எக்ஸ்100 நான்காம் மாதிரி, 2015-இல் வந்தது, இந்த வேலைக்கு இன்னும் நல்லது: 960-இல் 2 அல்லது 4 நொடி, அடித்து முடித்த பிறகு பொத்தானை அழுத்தினால் அதற்கு முந்தைய நொடிகளைச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அதில் ஏறக்குறைய இரண்டு அடிக்கு ஒன்றில் மோதும் கணம் பிடிபடும்.

சுழற்சியையும் பார்க்க ஆசை இருந்தால் பந்தில் மார்க்கரால் முழுச் சுற்றுக் கோடு போடுங்கள். நிமிடச் சுற்றை ஆறால் பெருக்கினால் நொடிக்கு எத்தனை பாகை என்று வரும். டிரைவரில் 2,500 சுற்று என்றால் 240 ஃபிரேமில் ஃபிரேமுக்கு 62 பாகை, எண்ணலாம். 7 அயர்னில் 7,000 சுற்று என்றால் 175 பாகை, எந்தப் பக்கம் சுழன்றது என்றே குழம்பும். வெட்ஜில் கேட்கவே வேண்டாம். அயர்னுக்கு 1,000 ஃபிரேம் வேண்டும், அங்கே 42 பாகைதான்.

நொடிக்கணக்கு

வரி வரியாக வாசிக்காத குளோபல் ஷட்டர் வேண்டுமென்றால் தொழிற்சாலைகளில் பயன்படும் யுஎஸ்பி3 கேமரா. சோனி ஐஎம்எக்ஸ்287 சென்சார் உள்ளவை 720க்கு 540 புள்ளியில் நொடிக்கு 500 ஃபிரேமுக்கு மேல் தரும், உயரத்தைக் குறைத்து வெட்டினால் இன்னும் ஏறும். கறுப்பு வெள்ளையில் நொடிக்கு 200 மெகாபைட் வரும். இரண்டு கேமராவை ஒரே யுஎஸ்பி கட்டுப்பாட்டுச் சில்லில் போட்டால் ஃபிரேம் தவறும், ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை போடுங்கள். இதில் ஷட்டரை 50 மைக்ரோ நொடிக்கு வைத்து அதே நேரத்தில் எல்இடியைப் பளிச்சிட வைக்கலாம், கறை 2 மி.மீ.தான்.

தரை மட்டத்தில் வைக்கும் கேமராவுக்கு முன் 6 மி.மீ. பாலிகார்பனேட் தகடு கட்டாயம். ஷாங்க் (கிளப்பின் கழுத்தில் பட்டுத் தெறிக்கும் அடி) எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. மைக் ஓசையால் டிரிகர் செய்வதாக இருந்தால், மைக் 1 மீட்டர் தள்ளி இருந்தாலே ஓசை வர 3 மில்லி நொடி ஆகும், பந்து அதற்குள் 17 செ.மீ. போயிருக்கும். அதனால் படத்தை நினைவகத்தில் சுழல விட்டு, ஓசை வந்ததும் முந்தைய அரை நொடியைச் சேமிக்கும்படி அமையுங்கள்.